நடுவிரலில் நடக்கும் கிழவன்

பள்ளிக்கரணையில் ரேடியல் சாலையை ஒட்டிய காலி மனைகளில் மாடு மேய்ந்தால் யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. குதிரை மேய்ந்தால் மட்டும் பைக்கில் போகிறவர்கூட வேகத்தைக் குறைக்கிறார். நான் வண்டியையே நிறுத்திவிட்டேன். செம்பழுப்பு நிறம். முதுகு தூளி போலத் தொய்ந்திருந்தது. கண்ணுக்கு மேலே விரல் புதையும் அளவுக்குக் குழி. நான்கு கால்களிலும் லாடம் இல்லை. யாரோ கைகழுவிவிட்ட குதிரை என்றுதான் நினைத்தேன்.

சற்று நேரத்தில் வாளியோடு அதன் சொந்தக்காரர் வந்தார்.

“லாடம் அடிக்கலையா பாய்?”

“கல்யாண ஊர்வலம், பீச் சவாரி எல்லாம் விட்டாச்சு சார். இப்ப நம்ம பையன் காலையில ஒரு ரவுண்டு போவான், அவ்ளோதான். மண்ணுல நடக்குறவனுக்கு இரும்பு எதுக்கு?”

சொல்லிக்கொண்டே குதிரையின் தோளில் சாய்ந்து, முன்னங்கால் நரம்பை மேலிருந்து கீழாகத் தடவினார். கால் தானாக எழுந்தது. அதை மடியில் வாங்கிக்கொண்டு, வளைந்த இரும்புக் கொக்கியால் குளம்பின் அடியில் அப்பியிருந்த சேற்றைச் சுரண்டினார். சேற்றோடு ஒரு ஜல்லித் துண்டும் விழுந்தது. அடியில் ஆங்கில ‘வி’ எழுத்து வடிவில், பழைய ரப்பர் செருப்பின் நிறத்தில் ஒரு மேடு தெரிந்தது. அதைக் கட்டைவிரலால் அழுத்தி, குனிந்து முகர்ந்து பார்த்தார். “நாத்தம் இல்ல. நல்லாயிருக்கான்.”

அவர் செய்தது என்ன என்று புரிய, உங்கள் கையை மேசைமேல் வையுங்கள். உள்ளங்கையை உயர்த்தி, நடுவிரலின் நுனி மட்டும் மேசையைத் தொடட்டும். குதிரையின் முன்னங்கால் அதுதான். மற்ற விரல்கள் பரிணாமத்தில் தேய்ந்துபோக, நடுவிரலும் அதன் நகமும் மிஞ்சின. குதிரையின் முன்னங்கால் ‘முட்டி’ என்று நாம் சொல்வது உண்மையில் அதன் மணிக்கட்டு. நகம் பருத்து, விரல் நுனியைச் சுற்றி வளைந்து, குளம்பானது.

நகம் என்றதும் உயிரற்ற பொருள் என்று நினைத்துவிடக் கூடாது. வெளிச்சுவர்தான் உணர்ச்சியற்றது. உள்ளே விரலின் கடைசி எலும்பு இருக்கிறது. அது குளம்பின் அடித்தளத்தில் உட்கார்ந்திருக்கவில்லை, சுவரிலிருந்து தொங்குகிறது. இரண்டு சீப்புகளைப் பல்லோடு பல்லாகக் கோத்ததுபோல, எலும்பைச் சுற்றிய திசுவும் சுவரின் உட்புறமும் ஏறக்குறைய 600 மடிப்புகளால் பின்னிக்கொண்டிருக்கின்றன. ஒவ்வொரு மடிப்பிலும் நூற்றுக்கும் மேற்பட்ட நுண்மடிப்புகள். சில நூறு கிலோ எடையுள்ள உடம்பு இந்தப் பின்னலை நம்பித்தான் ஓடுகிறது. கால் தரையில் பதியும்போது குதிப் பகுதி சற்றே விரிகிறது. அந்த ‘வி’ மேடும் அதன்மேல் உள்ள மெத்தையும் அமுங்கி அதிர்ச்சியை வாங்குகின்றன. அழுத்தத்தில் குளம்பின் ரத்தம் மேலேறுகிறது, கால் எழும்போது மறுபடி இறங்குகிறது. முட்டிக்குக் கீழே சொல்லிக்கொள்ளும்படி தசையே இல்லாத காலுக்கு, நடைதான் பம்பு.

அப்படியானால் லாடம் எதற்கு? கணக்கு எளிது. குளம்பு மாதத்துக்கு ஒரு சென்டிமீட்டருக்குச் சற்றுக் குறைவாக வளர்கிறது. மேலிருந்து நுனிவரை புதுக் குளம்பு இறங்கிவர ஏறத்தாழ ஓராண்டு ஆகும். பாரம் ஏற்றிய ஜட்காவைத் தார்ச்சாலையில் நாள் முழுக்க இழுத்தால், வளர்வதைவிட வேகமாகத் தேயும். அதைத் தடுத்தது இரும்பு. அதற்கு விலையும் உண்டு: ஆணி அடித்த இரும்பு குதியின் விரிவைக் கட்டுப்படுத்துகிறது, கடினத் தரையில் மோதும்போது வெறுங்காலைவிட அதிர்வையும் கூட்டுகிறது. ஜட்கா போய்விட்டது, பழக்கம் மட்டும் நிற்கிறது. கி.மு. நான்காம் நூற்றாண்டின் கிரேக்கர் செனபோனுக்கு ஆணி லாடம் தெரியாது. லாயத்துக்கு வெளியே கைக்கு அடக்கமான உருண்டைக் கற்களை வண்டி வண்டியாகக் கொட்டி, குதிரையை அதன்மேல் நிறுத்தச் சொன்னார், குளம்பு கெட்டிப்பட.

ஆனால் லாடத்தைக் கழற்றினால் செலவு மிச்சம் என்று நினைப்பவர் குதிரையை வாட்டிவிடுவார். வெறுங்காலுக்கு வேலை கூடுதல். பல ஆண்டுகள் லாடத்தில் நின்ற குளம்பு தரைக்குப் பழகச் சில மாதங்கள் வேண்டும். நான்கிலிருந்து ஆறு வாரத்துக்கு ஒருமுறை அரத்தால் விளிம்பை உருட்டிவிட வேண்டும், இல்லாவிட்டால் சுவர் பிளக்கும். கிண்டியில் 1777 முதல் நடந்த பந்தயங்களுக்கென்று வளர்த்த வகைக் குதிரைகள் பலவற்றுக்கு அடிப்பாதம் மெல்லியது, ஜல்லியில் துடித்துப்போகும். கீல்வாதமோ குளம்புக் கோணலோ இருந்தால் மருத்துவரே லாடம் அடிக்கச் சொல்லலாம். லாடமா வெறுங்காலா என்று கட்சி கட்டுவதில் எனக்கு நம்பிக்கை இல்லை. அந்தக் குதிரை எந்தத் தரையில், எவ்வளவு நேரம், என்ன பாரத்தோடு நடக்கிறது என்பதே கேள்வி.

பள்ளிக்கரணையில் தரைதான் சிக்கல். 2022-இல் ராம்சர் பட்டியலில் சேர்ந்த சதுப்பு நிலம் இது. நாரைக்கும் பூநாரைக்கும் சொர்க்கம், குளம்புக்கு அல்ல. ஐப்பசியில் ஊறினால் குளம்பு மெத்தென்று ஆகிவிடும். ‘வி’ மேட்டின் பள்ளங்களில் சேறு அடைத்தால் காற்றில்லா இடத்தில் வளரும் பாக்டீரியாக்கள் குடியேறி அழுகவைக்கும், கருப்பாகக் கசியும், நாறும். பாய் முகர்ந்து பார்த்தது இதைத்தான். தினமும் சுரண்டுவதும், நாளில் சில மணி நேரமாவது காய்ந்த மேட்டில் நிறுத்துவதும்தான் பெரிய வைத்தியம். டெட்டனஸ் தடுப்பூசியும் கட்டாயம்; அந்த நோய்க்குக் குதிரையைப் போல எளிதில் பலியாகும் விலங்கு குறைவு.

“வயசு என்ன பாய்?” என்றேன். பதிலுக்கு உதட்டை விலக்கிக் காட்டினார். ஆடியில் அந்தியூர்ச் சந்தைக்குப் போனால் இதே காட்சியைப் பார்க்கலாம். குதிரையின் பல் வாழ்நாளின் பெரும்பகுதி, ஆண்டுக்கு 2–3 மில்லிமீட்டர், மேலெழுந்துகொண்டே இருக்கிறது. புல்லில் உள்ள மணல்சத்து அதைத் தேய்த்துக்கொண்டே இருக்கிறது. மேல்வரிசையின் கடைசி முன்பல்லில் பத்து வயதுவாக்கில் ஒரு பழுப்புப் பள்ளம் தோன்றி, இருபதில் பல்லின் முழு நீளத்துக்கும் இறங்கும். பிறகு மேலிருந்து மறையத் தொடங்கும். துல்லியமான கடிகாரம் அல்ல, ஆனால் ஏமாற்றுவது கடினம். இவனுக்குப் பள்ளம் அடிவரை வந்திருந்தது. இருபதை ஒட்டிய வயது. மனிதக் கணக்கில் அறுபது என்பார்கள்.

தேய்ந்த கடைவாய்ப் பற்களால் வைக்கோலை அரைக்க முடியாது. பாதி மென்ற உருண்டைகள் வாயிலிருந்து விழுந்தால் அதுதான் அறிகுறி. அதனால்தான் வாளியில் ஊறவைத்து வேகவைத்த கொள்ளும் தவிடும், கஞ்சிப் பதத்தில். பதின்மூன்றாம் நூற்றாண்டில் பாண்டிய நாட்டுக்கு வந்த மார்க்கோ போலோ, ஆயிரக்கணக்கில் கடல்வழி வாங்கும் குதிரைகளில் ஆண்டு முடிவில் நூறுகூடத் தேறாது, சோற்றையும் கறியையும் போட்டுக் கெடுக்கிறார்கள், குதிரை வைத்தியரை வணிகர்கள் வரவே விடுவதில்லை என்று எழுதினார். மிகைப்படுத்தும் ஆள்தான். ஆனால் கடற்கரையில் இன்றும் குதிரைக்கு பிஸ்கட்டும் பன்னும் ஊட்டுகிறவர்களைப் பார்த்தால் அவரை முழுதாகத் தள்ளவும் முடியவில்லை. பதினைந்து வயதைத் தாண்டிய குதிரைகள் பலவற்றுக்கு பிட்யூட்டரிக் கோளாறு வருகிறது. கத்திரி வெயிலிலும் உதிராத நீண்ட சுருள்முடி அதன் அடையாளம். அப்படிப்பட்ட உடம்பில் சர்க்கரையும் மாவும் ஏறினால், மேலே சொன்ன 600 மடிப்புகளும் வீங்கும், பின்னல் தளரும், எலும்பே இறங்கிவிடும்.

கிழக் குதிரையில் ஏறலாமா? ஏறலாம், பல சமயம் ஏறுவதே நல்லது. கட்டிப்போட்டால் மூட்டு இறுகும், குளம்பின் பம்பும் ஓயும். 2008-இல் அமெரிக்காவில் எட்டுக் குதிரைகளை வைத்து வெளியான ஓர் ஆய்வில், தன் எடையில் 20 சதவீதம்வரை சுமந்தபோது பெரிய வேறுபாடு இல்லை. 25, 30 சதவீதத்தில் இதயத் துடிப்பும் தசைவலியும் கூடின. 300 கிலோ மட்டக்குதிரைக்கு, சேணத்தோடு சேர்த்து 60 கிலோ. முதுகு தொய்ந்த கிழவனுக்கு அதிலும் குறைக்க வேண்டும். குழந்தையை மடியில் வைத்து ஏறும் அப்பாக்கள் ஒருமுறை தராசைப் பார்த்துவிட்டு வரலாம்.

வெயிலும் கணக்கில் உண்டு. குதிரை நம்மைப்போல வியர்வையால்தான் குளிர்கிறது. சென்னைக் காற்றின் ஈரத்தில் அது எளிதில் ஆவியாவதில்லை. சில குதிரைகளுக்கு வியர்ப்பதே நின்றுபோகும். இந்தியா போன்ற வெப்ப நாடுகளுக்கு ஆங்கிலேயர் கொண்டுவந்த குதிரைகளில் 1920-களிலேயே இதைக் குறித்திருக்கிறார்கள். ஆகவே விடியலில் சவாரி, முதல் பத்துப் பதினைந்து நிமிடம் வெறும் நடை, முடிந்ததும் உடம்பெல்லாம் தண்ணீர்.

மறுநாள் ஐந்தரைக்குப் போனேன். பையனுக்குப் பன்னிரண்டு வயதிருக்கும், ஒல்லி. மண்பாதையில் கடிவாள வாரைத் தளர்த்திப் பிடித்தபடி போனான். புது அடுக்குமாடிக்காகக் கொட்டிய ஜல்லி பாதையை அடைத்த இடத்தில் குதிரை நின்றது. ஒரு காலை முன்வைத்து, பிறகு எடுத்துக்கொண்டது. பையன் அதட்டவில்லை. கீழே குதித்து, ஜல்லியைச் சுற்றிப் புல்விளிம்பு வழியாகக் கூட்டிப்போய், அந்தப்பக்கம் ஒரு கல்லின்மேல் நின்று மறுபடி ஏறிக்கொண்டான்.