ஷட்டர் இறங்கிய பிறகும் ஓடும் கடை

இரவு பத்தரைக்கு மளிகைக்கடை ஷட்டர் இறங்குகிறது. கல்லாவை எண்ணி, வீட்டுக்கு வந்து, சாப்பிட்டுப் படுத்தும் ஆயிற்று. அண்ணாச்சியின் உடம்புதான் கட்டிலில் கிடக்கிறது, நினைப்பெல்லாம் கடையில். துவரம்பருப்பில் ஒரு மூட்டைதான் மிச்சம். எண்ணெய் ஏஜென்சிக்குக் கொடுத்த செக் நாளை பாங்குக்குப் போகும், கணக்கில் பணம் இருக்குமா? எதிர்த் தெரு வீட்டில் மூன்று மாதப் பாக்கியை எப்படிக் கேட்பது? விடிந்ததிலிருந்து நின்றுகொண்டே இருந்தவருக்குத் தூக்கம் வரவில்லை.

முடியாத வேலை ஏன் மனத்தை விடுவதில்லை? பெர்லினில் ப்ளூமா ஸைகார்னிக் என்ற உளவியலாளர் 1927-இல் ஓர் ஆய்வை வெளியிட்டார். புதிர் போடுவது, களிமண்ணில் உருவம் செய்வது போன்ற சின்னச் சின்ன வேலைகளைக் கொடுத்து, சிலவற்றைப் பாதியில் நிறுத்தினார். முடித்தவற்றைவிடப் பாதியில் நின்றவையே ஏறக்குறைய இரண்டு மடங்கு நினைவில் இருந்தன. பின்னால் வந்த சோதனைகளில் இந்த நினைவுக் கணக்கு ஒரே மாதிரி வரவில்லை. ஆனால் விட்டதை எடுத்து முடிக்கத் துடிக்கும் உந்துதல் மட்டும் திரும்பத் திரும்பத் தென்பட்டது. சிறு வியாபாரமோ, முடியவே முடியாத வேலைகளின் தொகுப்பு.

இந்த ஓயாத நினைப்புக்கு உடம்பும் விலை கொடுக்கிறது. சிறுநீரகங்களின் மேலே இருக்கும் அட்ரீனல் சுரப்பிகள் கார்ட்டிசால் என்ற ஹார்மோனைச் சுரக்கின்றன. விழித்த அரைமணி, முக்கால்மணி நேரத்தில் அது உச்சத்துக்குப் போய், நள்ளிரவையொட்டி அடிமட்டத்துக்கு இறங்க வேண்டும். செக்கை நினைத்துப் புரளுவதும் அதைத் தூண்டிவிடக்கூடும். இப்படி வருடக்கணக்கில் நீடித்தால் ரத்த அழுத்தம், சர்க்கரை, இதயம் எல்லாம் பாதிக்கப்படுகின்றன என்று ஆய்வாளர் புரூஸ் மெக்யூவன் 1993-இலேயே விளக்கினார்.

மனமும் இப்படித் தேய்ந்துபோவதுண்டு; அதைத்தான் 'பர்ன்அவுட்' என்கிறார்கள். அது நோயல்ல, வேலையால் வரும் நிலை என்கிறது உலக சுகாதார நிறுவனத்தின் 2019-ஆம் ஆண்டு வரையறை. தீராத அசதி, வேலைமேல் கசப்பு, எதுவும் உருப்படியாகச் செய்யவில்லை என்ற எண்ணம் ஆகிய மூன்றும் அதன் அடையாளங்கள். அரைக்கிலோ சர்க்கரை வாங்க வந்த பிள்ளையிடம் அண்ணாச்சி காரணமில்லாமல் எரிந்து விழுகிறாரே, அது இரண்டாவது அடையாளம். அதை அவருடைய குணக்கேடு என்று வீட்டார் நினைத்துவிடக் கூடாது.

எனக்குத் தீராத வியப்பு இனிச் சொல்லப்போவதுதான். வேலை முடிந்தால்தான் மனம் விடும் என்று நினைக்கிறோம். மாசிகாம்போ, பாமைஸ்டர் என்ற இருவர் 2011-இல் கண்டது வேறு. முடிக்காத வேலையை எப்போது, எப்படிச் செய்வோம் என்று திட்டம் போட்டவுடனேயே அதன் நச்சரிப்பு அடங்கியது, வேலை அப்படியே கிடந்தபோதும்! 2018-இல் அமெரிக்காவின் பேலர் பல்கலைக்கழகத்தில் 57 பேரைப் படுக்குமுன் 5 நிமிடம் எழுத வைத்தார்கள். செய்யவேண்டியதை எழுதியவர்கள், முடித்ததை எழுதியவர்களைவிடச் சராசரியாக 9 நிமிடம் முன்னதாகத் தூங்கினார்கள். எவ்வளவு விவரமாக எழுதினார்களோ, அவ்வளவு சீக்கிரம் தூக்கம். ஆகவே நோட்டில் 'பருப்பு' என்று எழுதினால் போதாது. 'காலை 11 மணி, மண்டிக்கு போன், இரண்டு மூட்டை' என்று இருக்க வேண்டும்.

சரிந்துபோன விற்பனையையும் வட்டிக் கடனையும் நோட்டு தீர்க்காது. அவற்றுக்கு வீட்டில் மனம்விட்டுப் பேசவும், வாரத்தில் ஒரு வேளையாவது கடையை வேறொருவர் கையில் விடவும் வேண்டும். அந்த ஒரு வேளையும் போனில் விற்பனைக் கணக்கைப் பார்த்துக்கொண்டிருந்தால் ஓய்வாகாது. இளைப்பாறுதலுக்கு வேலையிலிருந்து மனம் விலகுவதே முக்கியம் என்று ஜெர்மனியின் உளவியலாளர் சபீனே சோனென்டாக் பல ஆய்வுகளில் காட்டியிருக்கிறார்.