கட்கியின் குறைகளைச் சட்டப்பேரவையில் எழுப்ப முடியுமா? எம்எல்ஏவின் அதிகாரமும் எல்லையும்: ஒரு விளக்கம்

புனே: மகாராஷ்டிர மாநிலம் புனேயில் உள்ள கட்கி கன்டோன்மென்ட் பகுதியில் சாக்கடை அடைத்துக்கொண்டாலோ தெருவிளக்கு எரியாவிட்டாலோ முறையிடுவதற்கு மக்கள் தேர்ந்தெடுத்த வார்டு உறுப்பினர் இல்லாத நிலை 2021 பிப்ரவரியில் ஏற்பட்டது. இத்தகைய சூழலில் குடியிருப்போரின் பார்வை இயல்பாகவே தொகுதியின் சட்டப்பேரவை உறுப்பினர் பக்கம் திரும்புகிறது. ஆனால், கன்டோன்மென்ட் வாரியத்துக்கு உத்தரவிடும் அதிகாரம் மாநிலச் சட்டப்பேரவைக்கு இல்லை. அவ்வாறெனில், பரபரப்பான கூட்டத்தொடரில் ஓர் எம்எல்ஏவால் கட்கிக்காக எதைச் செய்ய முடியும், எதைச் செய்ய முடியாது?

வார்டு உறுப்பினர்கள் இல்லாமல் போனது ஏன்?

கட்கி கன்டோன்மென்ட்டின் மக்கள்தொகை 2011 கணக்கெடுப்பின்படி 70 ஆயிரத்துக்கும் அதிகம். 50 ஆயிரத்துக்கு மேல் மக்கள்தொகை கொண்ட வாரியத்துக்கு 8 உறுப்பினர்களை மக்கள் தேர்ந்தெடுக்க வேண்டும் என்கிறது 2006ஆம் ஆண்டின் கன்டோன்மென்ட் சட்டம். கடைசியாக 2015 ஜனவரியில் தேர்தல் நடைபெற்றது. உறுப்பினர்களின் ஐந்தாண்டுப் பதவிக்காலம் நீட்டிக்கப்பட்டு, 2021 பிப்ரவரியில் முடிவடைந்தது.

அதன் பின்னர், ராணுவ அதிகாரி தலைவராகவும், தலைமைச் செயல் அதிகாரி உறுப்பினர்-செயலராகவும், நியமிக்கப்பட்ட பொதுமக்கள் பிரதிநிதி ஒருவர் உறுப்பினராகவும் இடம்பெறும் மூவர் அமைப்பே வாரியத்தின் பணிகளைக் கவனிக்கத் தொடங்கியது. 2023 ஏப்ரல் 30 அன்று நாடு முழுவதும் 57 கன்டோன்மென்ட்களில் தேர்தல் நடைபெறும் என்று அறிவித்த மத்திய அரசு, அடுத்த மாதமே அந்த அறிவிப்பைத் திரும்பப் பெற்றது. கன்டோன்மென்ட்களின் குடிமக்கள் வாழும் பகுதிகளைப் பிரித்து, அருகிலுள்ள மாநகராட்சி அல்லது நகராட்சிகளுடன் இணைப்பது என்ற கொள்கையே இதற்கான பின்னணி.

பேரவையின் அதிகாரம் எங்கே நிற்கிறது?

கட்கி கன்டோன்மென்ட், சிவாஜிநகர் சட்டப்பேரவைத் தொகுதிக்குள் வருகிறது. பாரதிய ஜனதா கட்சியைச் சேர்ந்த சித்தார்த் ஷிரோலே இத்தொகுதியில் 2019ஆம் ஆண்டிலும் 2024ஆம் ஆண்டிலும் வெற்றி பெற்றார். 288 உறுப்பினர்கள் கொண்ட பேரவையில் கட்கி வாக்காளர்களுக்கு உள்ள ஒரே குரல் இத்தொகுதி உறுப்பினருடையதே.

எனினும், அரசமைப்புச் சட்டத்தின் ஏழாவது அட்டவணையில், மத்திய அரசுப் பட்டியலின் 3ஆவது இனத்தில் கன்டோன்மென்ட்கள் இடம்பெற்றுள்ளன. அவற்றின் எல்லை நிர்ணயம், உள்ளாட்சி நிர்வாகம் ஆகியவற்றுடன் வீட்டு வாடகைக் கட்டுப்பாடும் இந்த இனத்தில் அடங்கும். ஆகவே, வாரியத்தின் வரி, கட்டட அனுமதி, துப்புரவுப் பணி ஆகியவை குறித்து மாநில அமைச்சரிடம் கேள்வி எழுப்பினால், இது மாநில அரசின் பொறுப்பு அன்று என்ற பதிலே கிடைக்கக்கூடும். வெடிமருந்துத் தொழிற்சாலை ஊழியர்களின் பணி நிலைமைக்கும் இது பொருந்தும். 2021 அக்டோபர் 1 முதல் அத்தொழிற்சாலை, மத்திய அரசு நிறுவனமான மியூனிஷன்ஸ் இந்தியா லிமிடெட்டின் கீழ் இயங்குகிறது. இவற்றை மக்களவையிலோ மாநிலங்களவையிலோதான் எழுப்ப வேண்டும்.

அதேவேளையில், காவல்துறை, பொது விநியோகக் கடைகள், மாநில அரசின் பங்களிப்பு உள்ள போக்குவரத்துத் திட்டங்கள் ஆகியவை பேரவையின் வரம்புக்குள் வருபவை. 2025 ஜூனில் பயன்பாட்டுக்கு வந்த கட்கி மெட்ரோ நிலையம் இதற்கு ஓர் உதாரணம். மகா மெட்ரோ நிறுவனம் மத்திய, மாநில அரசுகளின் கூட்டு நிறுவனம் என்பதால், அது குறித்து மாநில அரசிடம் விளக்கம் கோர இடமுண்டு.

கூட்டத்தொடரில் உள்ள வாய்ப்புகள்

மகாராஷ்டிர சட்டமன்றம் வழக்கமாக ஆண்டுக்கு மூன்று முறை கூடுகிறது. நிதிநிலை அறிக்கைக் கூட்டத்தொடரும் மழைக்காலக் கூட்டத்தொடரும் மும்பையில் நடைபெறுகின்றன. குளிர்காலக் கூட்டத்தொடர், 1953ஆம் ஆண்டின் நாக்பூர் ஒப்பந்தத்தை அடியொற்றி நாக்பூரில் நடைபெறுகிறது. 2025இல் மழைக்காலக் கூட்டத்தொடர் ஜூன் 30 முதல் ஜூலை 18 வரையிலும், குளிர்காலக் கூட்டத்தொடர் டிசம்பர் 8 முதல் 14 வரையிலும் நடைபெற்றன.

இந்தக் குறுகிய காலத்துக்குள் மசோதாக்கள், துணை மானியக் கோரிக்கைகள், அரசியல் விவாதங்கள் அனைத்தும் நெருக்கியடிக்கின்றன. அவற்றுக்கிடையே தொகுதிப் பிரச்சினையை எழுப்ப ஓர் உறுப்பினருக்கு முக்கியமாக மூன்று வழிகள் உள்ளன.

முதலாவது, நட்சத்திரக் குறியிட்ட கேள்வி. இதற்கு அமைச்சர் அவையில் நேரில் பதிலளிக்க வேண்டும். துணைக் கேள்விகளும் கேட்கலாம். ஆனால், முன்கூட்டியே எழுத்துமூலம் அறிவிப்புக் கொடுத்திருக்க வேண்டும். கூட்டத்தொடர் தொடங்கிய பிறகு மனு கொடுக்கச் செல்லும் குடியிருப்போருக்கு இந்த வழி பெரும்பாலும் அடைபட்டுவிடுகிறது.

இரண்டாவது, மராத்தியில் 'லக்ஷவேதி' எனப்படும் கவன ஈர்ப்புச் சூசனை. பேரவை விதி 105இன் கீழ் வரும் இது, அவசரப் பொதுப் பிரச்சினைகளுக்கானது. இதை அனுமதிப்பது பேரவைத் தலைவரின் முடிவு.

மூன்றாவது, நிதி தொடர்பான விவாதம். மானியக் கோரிக்கைகளின்போது ஒரு துறையின் செலவைக் குறிப்பிட்டுத் தொகுதியின் தேவையை முன்வைக்கலாம்.

அவையில் அமைச்சர் அளிக்கும் உறுதிமொழி, பேச்சோடு முடிந்துவிடுவதில்லை. அது நிறைவேற்றப்பட்டதா என்பதைக் கண்காணிக்க உறுதிமொழிக் குழு உள்ளது. "பரிசீலிக்கப்படும்" என்ற பதிலுக்கும், காலக்கெடுவுடன் கூடிய உறுதிமொழிக்கும் உள்ள வேறுபாடு இங்குதான் வெளிப்படுகிறது. கேள்வியைக் கூர்மையாக வடிவமைப்பதே உறுப்பினரின் திறமை.

கட்கிக்கு இப்போது முக்கியமானவை எவை?

முதலில், நிதி. 2017 ஜூலையில் சரக்கு மற்றும் சேவை வரி நடைமுறைக்கு வந்ததும், உள்ளாட்சி அமைப்புகளின் பழைய வரி வருவாய் நின்றுபோனது. மாநகராட்சிகளின் இழப்பை ஈடுகட்ட மகாராஷ்டிர அரசு அதே ஆண்டில் தனிச் சட்டம் இயற்றியது. தங்களுக்கும் அதேபோன்ற பங்கு வேண்டும் என்று கன்டோன்மென்ட் வாரியங்கள் கோரி வந்துள்ளன. வாரியம் மத்திய அரசின் கீழ் இருந்தாலும், மாநிலத்தின் வரி வருவாயில் பங்கு கோருவது மாநில நிதித்துறை சார்ந்த விஷயம். எனவே, பேரவையில் எழுப்பத்தக்க கேள்வி இது.

அடுத்து, இணைப்பு. கன்டோன்மென்ட்டின் எல்லையை மாற்றும் அதிகாரம் மத்திய அரசுக்கே உரியது. எனினும், மாநில அரசையும் வாரியத்தையும் கலந்தாலோசித்த பின்னரே அதற்கான நோக்கத்தை அறிவிக்க முடியும் என்று 2006ஆம் ஆண்டுச் சட்டத்தின் 4ஆவது பிரிவு கூறுகிறது. குடியிருப்போர் எழுத்துமூலம் ஆட்சேபம் தெரிவிக்கவும் அப்பிரிவு வழிவகுக்கிறது. பிரிக்கப்படும் பகுதியை மாநகராட்சி எல்லைக்குள் சேர்ப்பது மாநில அரசின் பணி. சொத்து வரி எவ்வளவு உயரும், வாரிய ஊழியர்களின் பணிப் பாதுகாப்பு என்ன, மருத்துவமனையையும் பள்ளிகளையும் யார் நடத்துவர் ஆகிய கேள்விகளில் மாநில அரசின் நிலைப்பாட்டை அறிய, சட்டப்பேரவையே உரிய மன்றம்.

தமிழக வாசகர்களுக்கும் இது தொலைதூரச் செய்தி அன்று. சென்னையை ஒட்டிய பரங்கிமலை-பல்லாவரம், நீலகிரியின் வெலிங்டன் ஆகிய இரு கன்டோன்மென்ட்களும் இதே சட்டத்தின் கீழ் வருபவை.

குடியிருப்போர் என்ன செய்யலாம்?

குறை எந்த அரசின் பொறுப்பில் வருகிறது என்பதை முதலில் உறுதிசெய்துகொள்வது நல்லது. வாரியம் சார்ந்ததாயின் தலைமைச் செயல் அதிகாரிக்கும் நாடாளுமன்ற உறுப்பினருக்கும், மாநிலத் துறை சார்ந்ததாயின் எம்எல்ஏவுக்கும் எழுதலாம். கூட்டத்தொடருக்குப் பல வாரங்கள் முன்னதாகவே தேதி, இடம், முந்தைய மனுக்களின் நகல் ஆகியவற்றுடன் கொடுக்கப்படும் மனு, அவையின் கேள்விப் பட்டியலில் இடம்பெறும் வாய்ப்பு அதிகம். அடைபட்ட சாக்கடையை நேரடியாகத் திறக்கப் பேரவையால் இயலாது. ஆனால், அந்தச் சாக்கடைக்கு நாளை யார் பொறுப்பேற்பர், அதற்கான பணம் எங்கிருந்து வரும் என்ற கேள்விக்கு மாநில அரசைப் பதிவேட்டில் பதில் சொல்லவைக்க அதனால் இயலும்.