நியூயார்க் தாவரவியற் பூங்காக் காடு

நியூயார்க் தாவரவியற் பூங்காக் காடு என்பது ஐக்கிய அமெரிக்காவின் நியூயார்க் நகரில், பிராங்க்ஸ் பகுதியில் உள்ள தாவரவியற் பூங்காவினுள் பாதுகாக்கப்பட்டு வரும் இயற்கைக் காடு ஆகும். ஏறத்தாழ 250 ஏக்கர் பரப்புள்ள பூங்காவில் இக்காடு சுமார் 50 ஏக்கரில் (20 எக்டேர்) அமைந்துள்ளது. நகரம் தோன்றுவதற்கு முன் இந்நிலத்தை மூடியிருந்த காட்டின் எஞ்சிய பகுதிகளுள் இதுவே மிகப் பெரியது. காட்டின் ஊடாகவும் அதை ஒட்டி ஓடும் பிராங்க்ஸ் ஆற்றின் கரையிலும் நடைபாதைகள் உள்ளன.

தற்போது தேய்ன் குடும்பக் காடு என்று பெயர் பெற்றுள்ள இது, இருபதாம் நூற்றாண்டின் பெரும்பகுதியில் ஹெம்லாக் காடு என்றே அழைக்கப்பட்டது. இன்று இப்பாதையில் நடப்பவர் ஹெம்லாக் மரத்தைத் தேடித்தான் காண வேண்டும். கோடரி படாத ஒரு காடு தன் பெயருக்குரிய மரத்தை இழந்தது எவ்வாறு என்பது, காடுகளைப் பாதுகாப்பது பற்றி அறிய விரும்பும் எவரும் கவனிக்க வேண்டிய செய்தியாகும்.

வெட்டப்படாமல் தப்பியமை

ஐரோப்பியர் வருவதற்கு முன் இப்பகுதியில் லெனாப்பி மக்கள் வாழ்ந்தனர். பின்னர் இந்நிலம் புகையிலை வணிகர்களான லோரிலார்டு குடும்பத்தினரின் உடைமையாயிற்று. அவர்கள் ஆற்றின் நீர்விசையைக் கொண்டு மூக்குப்பொடி அரைத்தனர். 1840 அளவில் அவர்கள் கட்டிய கல் ஆலை இன்றும் ஆற்றங்கரையில் நிற்கிறது. சுற்றியிருந்த காட்டைத் தம் மாளிகைத் தோட்டத்தின் அழகாகக் கருதி, விறகுக்காக வெட்டாமல் விட்டுவைத்தனர். மூக்குப்பொடி விற்ற பணம் ஒரு காட்டைக் காத்தது என்பது சற்று வேடிக்கையான உண்மைதான்.

1880களில் நகர நிருவாகம் பூங்காக்களுக்காக நிலம் கையகப்படுத்தியபோது இதுவும் பொதுவுடைமையாயிற்று. தாவரவியலாளர்களான நதானியல் பிரிட்டன், அவர் மனைவி எலிசபெத் பிரிட்டன் ஆகியோரின் முயற்சியால் 1891இல் தாவரவியற் பூங்கா நிறுவப்பட்டது.

நிலமும் ஆறும்

பிராங்க்ஸ் ஆறு சுமார் 37 கிலோமீட்டர் நீளமுடையது. நகருக்கு வடக்கேயுள்ள வெஸ்ட்செஸ்டர் மாவட்டத்திலிருந்து தெற்கு நோக்கிப் பாய்ந்து கிழக்கு ஆற்றில் கலக்கிறது. நகரின் குடிநீருக்காகக் கென்சிகோ நீர்த்தேக்கம் கட்டப்பட்டபோது ஆற்றின் தலைப்பகுதி நீர் திருப்பிவிடப்பட்டது. ஆகவே இன்று நாம் காண்பது முன்பிருந்ததைவிடச் சிறிய ஆறு.

பூங்காவினுள் ஆறு கடினமான பாறையை அறுத்துக்கொண்டு ஒரு சிறு பள்ளத்தாக்கு வழியே செல்கிறது. நடைபாதையில் ஹெஸ்டர் பாலத்தின்மேல் நின்றால் இதை நன்கு பார்க்கலாம். அருகில் அருவி போல் விழும் நீர் இயற்கை அருவியன்று. ஆலையோடு தொடர்புடைய பழைய அணையின் மேல் வழிந்து விழுவதே ஆகும். பாதையோரப் பாறைகள் சிலவற்றில் இணைகோடுகளாகக் கீறல்கள் தென்படும். கடைசிப் பனியுகத்தில் இப்பகுதியை மூடியிருந்த பனிப்பாளம், தன் அடியில் பற்றியிருந்த கற்களால் உரசிச் சென்ற தடங்கள் அவை.

தொழிற்சாலைக் கழிவுகளால் நெடுங்காலம் மாசடைந்திருந்த இந்த ஆறு, தன்னார்வலர்களின் உழைப்பாலும் அரசு நிதியாலும் படிப்படியாகத் தூய்மை பெற்றது. 2007இல் இவ்வாற்றில் ஒரு நீர்நாய் போன்ற கொறிணி, அதாவது பீவர், காணப்பட்டது. இருநூறு ஆண்டுகளுக்கும் மேலாக நியூயார்க் நகரில் பீவர் இல்லாதிருந்தது. ஆற்றைத் தூய்மைப்படுத்த நிதி பெற்றுத்தந்த நாடாளுமன்ற உறுப்பினர் ஹோசே செரானோவின் நினைவாக அதற்கு ஹோசே என்று பெயரிட்டனர்.

இரண்டு மரங்களின் அழிவு

முதலில் அழிந்தது அமெரிக்கச் செஸ்ட்நட். 1904இல், இப்பூங்காவுக்குத் தெற்கே அடுத்துள்ள பிராங்க்ஸ் விலங்குக்காட்சிச் சாலையில் செஸ்ட்நட் மரங்கள் பட்டுப்போவதை அங்குப் பணியாற்றிய ஹெர்மன் மெர்க்கல் கவனித்தார். தாவரவியற் பூங்காவின் பூஞ்சையியலாளர் வில்லியம் மர்ரில் நோய்க்குக் காரணமான பூஞ்சையை ஆராய்ந்து 1906இல் விவரித்தார். ஆசியாவிலிருந்து கொண்டுவரப்பட்ட மரங்களோடு வந்த அப்பூஞ்சை, அரை நூற்றாண்டுக்குள் கிழக்கு அமெரிக்கா முழுவதும் பரவி 300 முதல் 400 கோடி மரங்களை அழித்ததாக மதிப்பிடப்படுகிறது. பூஞ்சை மரத்தின் மேற்பகுதியை மட்டுமே கொல்கிறது. வேரிலிருந்து தளிர்கள் மீண்டும் கிளைக்கின்றன, ஓரளவு வளர்ந்ததும் மீண்டும் நோயுறுகின்றன.

ஹெம்லாக்கின் நிலை இதைவிட மோசமானது. இது ஓர் ஊசியிலை மரம். சாக்ரட்டீசு அருந்திய நஞ்சுக்கு மூலமான அதே பெயர்ச் செடியோடு இதற்கு உறவில்லை. நிழலில் மிக மெதுவாக வளர்ந்து நூற்றாண்டுகள் வாழும். அடர்ந்த அதன் நிழலால் நிலம் குளிர்ந்தும் ஈரமாகவும் இருக்கும்.

இம்மரத்தைத் தாக்கும் பூச்சி அசுவினிக்கு நெருங்கிய உறவுடையது. வெள்ளைப் பஞ்சு போன்ற உறைக்குள் முட்டையிடுவதால் இதனைக் கம்பளி அசுவினி எனலாம். (கம்பளிப்பூச்சி என்றால் மயிர்க்கொட்டி என்று பொருள்பட்டுவிடும்.) சப்பானைத் தாயகமாகக் கொண்ட இப்பூச்சி கிழக்கு அமெரிக்காவில் 1951இல் வர்ஜீனியா மாநிலத்தில் முதன்முதலில் பதிவாயிற்று, 1980களில் இக்காட்டை அடைந்தது. ஒரு மில்லிமீட்டர் அளவேயுள்ள இது ஊசியிலையின் அடியில் தன் குழலைச் செருகி, மரம் சேமித்து வைத்துள்ள உணவை உறிஞ்சுகிறது. கிழக்கு அமெரிக்காவில் உள்ளவை அனைத்தும் பெண்பூச்சிகளே; ஆணின்றிக் கன்னிப்பிறப்பால் பெருகுகின்றன. ஆகவே காற்றிலோ பறவையின் காலிலோ ஒட்டிவரும் ஒரேயொரு பூச்சி, புதிய தொற்றைத் தொடங்கப் போதுமானது. இலைகளை இழந்த மரம் சில ஆண்டுகளில் மடிகிறது. செஸ்ட்நட்டைப்போல் ஹெம்லாக் அடிமரத்திலிருந்து தளிர்ப்பதில்லை.

எனினும் பழியனைத்தையும் பூச்சியின்மேல் சுமத்துவது சரியாகாது. 1937இலும் 1985இலும் எடுக்கப்பட்ட மரக் கணக்குகளை ஒப்பிட்ட ஆய்வு, அந்த 48 ஆண்டுகளில் ஹெம்லாக், ஓக் ஆகியவற்றின் பங்கு குறைந்து செம்மேப்பிள், கருஞ்செர்ரி போன்றவை பெருகியதைக் காட்டியது. நகரத்து மண்ணில் படியும் உலோகங்கள், காலடியில் இறுகும் நிலம், நாற்றுகள் மிதிபடுதல் ஆகியன வேலியைக் கடந்தும் காட்டை மாற்றிக்கொண்டிருந்தன. பனிப்பாளம் மூடியிருந்த இந்நிலத்தில் இயல்பாக மண்புழுக்களே இல்லை. வெளிநாடுகளிலிருந்து வந்த மண்புழுக்கள் சருகுப் படுகையை விரைவில் தின்றுவிடுகின்றன. உழவனின் நண்பன் என்று பாடநூலில் படித்த உயிரினம் இங்கே தீங்கு செய்வது வியப்பளிக்கலாம்.

இன்றைய காடு

ஓக், டியூலிப் மரம், இனிப்புப்பிசின் மரம், பீச், ஹிக்கரி ஆகியவை இப்போது முதன்மையாக உள்ளன. ஹெம்லாக்கின் நிழல் நீங்கிய இடங்களில் ஒளி புகுந்ததால் அமூர் தக்கை மரம் போன்ற அயல் இனங்கள் முளைத்தன. அவற்றை அகற்றி உள்ளூர் இனங்களை நடும் பணியைப் பூங்கா மேற்கொள்கிறது. விழுந்த மரங்கள் பெரும்பாலும் அப்படியே விடப்படுகின்றன. பூஞ்சைகளும் வண்டுகளும் மரங்கொத்திகளும் அவற்றை நம்பி வாழ்கின்றன. இதைப் பராமரிப்புக் குறைவு எனக் கருதலாகாது.

பாதையில் நடத்தல்

நுழைவுச் சீட்டு பெற்றே பூங்காவினுள் செல்ல முடியும். மெட்ரோ நார்த் தொடர்வண்டியின் தாவரவியற் பூங்கா நிலையம் வாயிலுக்கு அருகிலேயே உள்ளது. அக்டோபர் இறுதியிலும் நவம்பர் தொடக்கத்திலும் இலைகள் நிறம் மாறும்போது கூட்டம் மிகும். பாறைகளையும் நிலத்தின் ஏற்ற இறக்கத்தையும் பார்க்க விரும்புவோருக்கு இலையுதிர்ந்தபின் வரும் நாட்களே ஏற்றவை. பாதையை விட்டு இறங்கலாகாது. எஞ்சியுள்ள ஹெம்லாக்கை இனங்காண, தட்டையான சிறு ஊசியிலைகளைத் திருப்பிப் பார்க்க வேண்டும்: அடிப்புறத்தில் இரண்டு வெண்கோடுகள் இருக்கும். சிறுகிளைகளை ஒட்டி வெண்பஞ்சு திரள்கள் தென்பட்டால் அவை பூச்சியின் முட்டையுறைகள்.