போர் கண்ட துவக்கும் அதனைப் புதுக்குவோரும்

போர் ஓய்ந்ததும் போர்வீரர் வீடு திரும்புவர். அவர்தம் கையிலிருந்த துவக்குகள் எங்கே செல்கின்றன? 1945 இல் இரண்டாம் உலகப் போர் முடிவுற்றபோது நேசநாடுகளின் களஞ்சியங்களிலே இலட்சக்கணக்கான துவக்குகள் குவிந்து கிடந்தன. சில உருக்கப்பட்டன; சில பிற நாடுகளின் படைகளைச் சென்றடைந்தன. எஞ்சியவற்றை வணிகர்கள் மலிவாக வாங்கி வட அமெரிக்காவிலே பொதுமக்களுக்கு விற்றனர். ஐக்கிய அமெரிக்காவில் தபால்மூலம் பணம் அனுப்பினாற் போதும், துவக்கு வீடு தேடி வரும். 1963 இல் ஜனாதிபதி கென்னடியின் உயிரைக் குடித்த இத்தாலியத் துவக்கும் அவ்வாறு தபாலில் வாங்கப்பட்ட பழைய படைக்கலமே. 1968 இல் இயற்றப்பட்ட சட்டம் அவ்வழக்கத்துக்கு முடிவு கட்டியது.

இவ்வாறு விற்கப்பட்டவற்றுள் நம் நேயர்கள் பெயரளவிலேனும் அறிந்த ஒன்று லீ என்பீல்ட். இலங்கைப் பொலிசாரின் தோளிலே நெடுங்காலம் கிடந்த 'த்ரீ நொட் த்ரீ' இதுவே. ஓர் அங்குலத்தை ஆயிரம் கூறாக்கினால் அதில் 303 கூறு இதன் குழல்வாயின் விட்டம். பெயரும் அதனால் வந்தது. நம் நாட்டிற் பொதுமகன் ஒருவன் இதனை விலைக்கு வாங்கிவிட முடியாது. கனடாவிலோ உரிமம் பெற்றவர் வாங்கலாம். இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் ரொறன்ரோவுக்கு மேற்கே லோங் பிராஞ்ச் என்னும் இடத்திலிருந்த தொழிற்சாலை, இத்துவக்கின் நான்காம் இலக்க வகையில் ஏறத்தாழ 9 இலட்சம் செய்து அனுப்பியது. அங்கு வேலை செய்தவர்களுட் பெருந்தொகையினர் பெண்கள். 1947 இல் அமைக்கப்பட்ட கனேடிய றேஞ்சர் படையினர், பனி உறைந்த வடபுலத்திலே அரை நூற்றாண்டுக்கு மேலாக இதனையே தாங்கி நின்றனர். கடுங்குளிரிலும் சிக்காமல் இயங்கும் பொறி என்பதே அதற்குக் காரணம்.

ஆயினும் 1950களிலும் 1960களிலும் இதனை வாங்கிய வேடர்களுக்கு இது வெறும் மான் வேட்டைக் கருவி. ஏறத்தாழ ஒன்பது இறாத்தல் நிறையைச் சுமந்து காடேறுவது யாருக்கு இன்பம்? ஆதலால் குழலின் நுனிவரை நீண்டிருந்த மரக்கட்டையைப் பாதியில் அறுத்தெறிந்தனர். கை சுடாதபடி குழலை மூடியிருந்த மேற்பலகைகளைக் கழற்றி வீசினர். சிலர் குழலையே குறுக்கினர். அவர்களை இன்று குறை கூறுவது எளிது. அன்று துவக்கு மலிவு, தொகையோ எண்ணிலடங்காதது. எவரும் அதனை வரலாற்றுப் பொருளாக எண்ணவில்லை. இன்று அறுபடாத துவக்கு அருகிவிட்டமையால், அறுத்ததை மீண்டும் பொருத்தி முன்னைய உருவுக்குக் கொணர முயல்வோர் பலர்.

வாங்குவோன் முதலிற் பார்க்கவேண்டியது மரத்தின் பளபளப்பையன்று, இலக்கங்களை. உடலின் இடப்பக்கத்திலே தொழிற்சாலையின் பெயரும் ஆண்டும் பொறிக்கப்பட்டிருக்கும். லோங் பிராஞ்ச் துவக்காயின் வரிசை இலக்கத்தின் நடுவே 'எல்' என்னும் ஆங்கில எழுத்து நிற்கும். அதே இலக்கம், குழலின் பின்வாயை அடைக்கும் 'போல்ற்' எனப்படும் தாழின் கைப்பிடியிலும் இருத்தல் வேண்டும். களஞ்சியங்களிலே தாழ்களை வேறாகக் கழற்றிக் குவித்துவிட்டுப் பின்னர் கைக்கு வந்ததைச் செருகி விற்றமையால், உடலுக்கும் தாழுக்கும் உறவில்லாத துவக்குகள் ஏராளம். 'டி.பி.' என்ற எழுத்துக்கள் பொறித்திருப்பின், அது அணிநடைப் பயிற்சிக்கென ஒதுக்கப்பட்டது. அதனைச் சுடுவதற்கென வாங்குதல் ஆகாது.

இலக்க ஒற்றுமை அழகுக்காகக் கேட்பதன்று. தோட்டாவின் விளிம்பு தங்குமிடத்துக்கும் தாழின் முகத்துக்கும் இடைப்பட்ட அளவு, படையினர் வகுத்த விதிப்படி 0.064 அங்குலத்துக்குக் குறையாமலும் 0.074 அங்குலத்தை எட்டாமலும் இருத்தல் வேண்டும். இடைவெளி மிகுந்தால், வெடிக்கும் கணத்திலே பித்தளைக் கோது பின்னோக்கி நீண்டு அடிக்கு அண்மையில் அறுந்து போகும். எரிவாயு பின்புறம் பீறிட்டு வரும். அங்கேயிருப்பது சுடுவோனின் கண். இதனாலேயே நான்காம் இலக்க வகையில் தாழின் தலை தனியாகக் கழலும்படி செய்யப்பட்டு, பூச்சியம் முதல் மூன்று வரை நான்கு அளவுகளில் வழங்கப்பட்டது. படைத் திருத்துநர் அளவுகருவியை இட்டுப் பார்த்து ஏற்ற தலையைப் பொருத்துவார். இன்று வாங்குவோனும் துவக்குத் திருத்தும் வல்லுநர் ஒருவரிடம் அச்சோதனையைச் செய்வித்த பின்னரே தோட்டாவைக் கையில் எடுக்கவேண்டும். மற்றெல்லாம் ஆறுதலாகச் செய்யலாம்.

குழலின் உள்ளே ஒளி செலுத்திப் பார்ப்பவர் ஒன்றைக் கண்டு திகைப்பதுண்டு. சன்னத்தைச் சுழலச் செய்யும் வரிப்பள்ளங்கள் ஐந்து இருக்கவேண்டிய இடத்தில் இரண்டே தெரியும். அது தேய்மானம் அன்று. போர்க்காலத்தில் வேலை விரைவாக முடியவேண்டுமென்று இரண்டே பள்ளங்களோடு செய்யப்பட்ட குழல் அது. நன்றாகவே சுடும்.

இனிப் புதுக்கும் வேலை. களஞ்சியத்திலிருந்து வந்த துவக்கு தடித்த கிறீசில் அமிழ்ந்திருக்கும். மண்ணெய் இட்ட துணியால் இரும்பைத் துடைத்து, மரத்தை வெயிலிலோ மிதமான சூட்டிலோ வைத்தால் ஊறிய கிறீஸ் வியர்வைபோல் வெளிவரும். முதலாம் உலகப் போர்க் காலத்து வகையாயின் ஓர் எச்சரிக்கை: முன்கட்டையைக் கழற்றுமுன் அடிக்கட்டையின் ஆணியைத் திருகினால், அவ்வாணியின் சதுர முனை உள்ளேயுள்ள தகட்டைத் திருப்பி முன்கட்டையைப் பிளந்துவிடும். இவ்வொழுங்கை அறியாமற் பிளந்தவை எத்தனையோ.

மரத்தை மணல்தாளால் தேய்த்து மினுக்குவதே புதியவர் செய்யும் பெருங்கேடு. தேய்க்கத் தேய்க்கப் பரிசோதகரின் முத்திரைகள் மறையும். இரும்போடு ஒட்டி நிற்கவேண்டிய மரம் தாழ்ந்து போகும். பள்ளம் விழுந்த இடத்தில் ஈரத்துணியிட்டுச் சூடான இஸ்திரிப்பெட்டியை வைத்தால், நசுங்கிய மரநார் ஆவியை உண்டு தானாகவே எழும். எழாத தழும்பு இருந்துவிட்டுப் போகட்டும். பின்னர் ஆளிவிதை எண்ணெயைச் சிறிது சிறிதாகக் கையாலே தேய்த்துப் பலநாள் ஊறவிடுவது படைமுகாம்களின் பழைய வழக்கம். எண்ணெய் தோய்ந்த துணியைச் சுருட்டி மூலையில் எறிதல் கூடாது. அது தானாகவே சூடேறித் தீப்பற்ற வல்லது. விரித்துக் காயவிட வேண்டும்.

அறுபட்ட முன்கட்டைக்குப் பதிலாகப் பழைய கட்டையொன்று கிடைத்தாலும் வேலை முடிந்துவிடாது. கட்டையின் பின்முனை இரும்புடலோடு இருபுறமும் ஒப்பப் பொருந்தவேண்டும். முன்முனை குழலைச் சில இறாத்தல் விசையோடு மேனோக்கித் தாங்கவேண்டும். இரண்டிலொன்று தவறினும் குறி சிதறும். தச்சனின் பொறுமை வேண்டிய இவ்வேலையை ஒரு மாலைப்பொழுதில் முடித்தேன் என்பவரின் துவக்கை ஐயத்தோடு பார்ப்பதே நன்று. குழலே குறுக்கப்பட்டதாயின் அதனை வேட்டைத் துவக்காகவே விட்டுவிடலாம். அறுத்த வேடனும் அதன் வரலாற்றில் ஒருவனே.

சுடத் தொடங்கிய பின்னரும் ஒரு கவனம் வேண்டும். பழைய படைத் தோட்டாக்களின் வெடிமருந்துக் குமிழ், எரிந்தபின் குழலினுள் ஒருவகை உப்பைப் படியவிடும். அது காற்றின் ஈரத்தை உறிஞ்சிச் சில நாளிலே இரும்பைத் தின்னும். எண்ணெயில் அது கரையாது. ஆகவே சுட்ட அன்றே, தாழைக் கழற்றிக் குழலின் பின்வாயில் புனலை வைத்துக் கொதிநீரை ஊற்றுவர். நீர் வடிந்ததும் சூடேறிய குழல் தானே உலர்ந்துவிடும். அதன் பின்னரே எண்ணெய்.