விடையும் மௌனமும்: சொல் தேடும் நிரலில் இணைப்புப் பிழைகள்

நன்னூல் விடையை எட்டு வகையாகப் பகுக்கிறது. மறுத்துக் கூறும் மறைவிடையும் அவற்றுள் ஒன்று. பேசாதிருத்தல் அவற்றுள் இல்லை. இணையத்தில் சொற்களைத் தேடும் நிரலை எழுதுவோர் முதலில் மனங்கொள்ள வேண்டிய வேறுபாடு இதுவே.

ஓர் எடுத்துக்காட்டைக் காண்போம். ஆயிரம் சொற்களைக் கொண்ட பட்டியலை எடுத்து, ஒவ்வொரு சொல்லும் ஓர் இணைய அகராதியில் உள்ளதா என்று பார்த்து, ‘உண்டு’ அல்லது ‘இல்லை’ எனப் பதியும் சிறு பைத்தான் நிரல் ஒன்றைக் கருதுவோம். சொல்லுக்குரிய பக்கம் இல்லையாயின், அகராதியைத் தாங்கும் வழங்கி 404 என்னும் குறியெண்ணை அனுப்பும். இது மறைவிடை, ‘இல்லை’ என்று பதியலாம். ஆனால், இணைப்பு இடையில் அறுந்தாலோ, வழங்கியின் முகவரி கிட்டாவிட்டாலோ, உரிய நேரத்துக்குள் பதில் வராவிட்டாலோ நமக்குக் கிடைத்தது மௌனமே. 503 என்னும் குறியெண் வருமாயின், வழங்கி அப்போது பணிசெய்யும் நிலையில் இல்லை என்பதே பொருள். சொல்லைப் பற்றி அது எதுவும் கூறவில்லை.

இவற்றை வேறுபடுத்தாமல் எல்லாவற்றுக்கும் ‘இல்லை’ என்று எழுதும் நிரல் தடங்கலின்றி ஓடி முடியும். கேடு அங்கேதான் உள்ளது. அகராதியில் உள்ள சொற்கள் இல்லாதவையாகப் பட்டியலில் ஏறும். பின்வரும் ஆய்வாளர் அதனை நம்புவார். இடையில் நின்றுபோன நிரலின் குறை நமக்கு உடனே தெரியும். இதன் குறை தெரியாது.

செய்ய வேண்டியவை நான்கு. முதலாவது, காத்திருக்கும் நேரத்துக்கு எல்லை வகுத்தல். பைத்தானில் பலரும் பயன்படுத்தும் ‘ரிக்வெஸ்ட்ஸ்’ தொகுப்பு, எல்லை குறிக்காவிடில் முடிவின்றிக் காத்திருக்கக்கூடும். இரண்டாவது, குறியெண்ணைச் சோதித்தல். 503 வந்தாலும் அத்தொகுப்பு தானாகப் பிழை எழுப்புவதில்லை. மூன்றாவது, விடை வராதபோது 1, 2, 4 நொடிகள் என இடைவெளியை இரட்டித்து மீண்டும் கேட்டல். இடைவிடாது கேட்பது தளர்ந்த வழங்கியை மேலும் தளர்த்தும். நான்காவது, அதன்பின்னும் விடை கிட்டாவிடில் ‘அறியப்படவில்லை’ என்று தனியே பதிந்து, அச்சொற்களை மட்டும் பின்னர்த் தேடுதல்.

ஆகவே, ‘உண்டு’, ‘இல்லை’ என்னும் இரண்டு குறிப்புகள் போதா. கணினிவழித் தொகுத்த சொற்பட்டியல் எதனையும் பெறும்போது, ‘அறியப்படவில்லை’ என்னும் மூன்றாம் குறிப்பு அதில் உள்ளதா என்று முதலில் பார்ப்போமாக.