செங்கல்லில் எழுந்த கோதிக் ஆலயம்

மதுரையிலிருந்து சுமார் 36 கி.மீ. தென்கிழக்கே, சிவகங்கை மாவட்டத்தில் இருக்கிறது இடைக்காட்டூர். இவ்வூரின் திருஇருதய ஆண்டவர் ஆலயம் 1894-இல் கட்டப்பட்டது. ஆனால் அதன் வடிவம் ஐரோப்பாவின் இடைக்காலக் கோதிக் பாணியைச் சேர்ந்தது. பிரெஞ்சு மன்னர்கள் முடிசூடிக்கொண்ட ரைம்ஸ் பேராலயத்தை முன்மாதிரியாக வைத்து இதை எழுப்பியவர், இயேசு சபைக் குரு பெர்டினாண்ட் செல். 1830-களின் பிற்பகுதி முதல் மதுரைப் பகுதியில் பிரெஞ்சு இயேசு சபையினர் மறைப்பணி செய்துவந்தனர். 1211-இல் வேலை தொடங்கிய ஒரு பேராலயத்தின் சாயல் வைகைச் சமவெளிக்கு வந்த வழி அதுவே.

இந்தப் பாணியின் கட்டுமானம் உள்ளூர்க் கோயில்களிலிருந்து வேறுபட்டது. மதுரை மீனாட்சியம்மன் கோயில் மண்டபங்களில் தூண்மேல் உத்தரம், உத்தரத்தின்மேல் கல்பலகை. கல் உத்தரம் நீண்டால் முறிந்துவிடும் என்பதால் தூண்கள் நெருங்கி நிற்கும். கோதிக் கட்டடத்திலோ பாரத்தைத் தாங்குவது வளைவு. அரைவட்ட வளைவு பக்கவாட்டில் அதிகம் உதைக்கும். உச்சி கூரான வளைவு பெரும்பகுதிப் பாரத்தைத் தூணுக்கு நேராக இறக்கிவிடும். கூரையின் அடியில் குறுக்கும் நெடுக்குமாக ஓடும் விலா வளைவுகள் அந்தப் பாரத்தைத் தூண்களுக்குப் பிரித்துக் கொடுக்கின்றன. எஞ்சிய உதைப்பை வெளியிலுள்ள முட்டுச் சுவர்கள் ஏற்கின்றன. சுவருக்குச் சுமை குறைவதால் உயரமான சன்னல்களுக்கு இடம் கிடைக்கிறது.

ரைம்ஸில் இவையெல்லாம் சுண்ணாம்புக் கல்லில் செதுக்கியவை. இடைக்காட்டூரில் செங்கல். இந்த ஆலயத்தின் உண்மையான அருமை இங்கேதான். கல்லைச் செதுக்கிச் செதுக்கி வளைவுக்கு இணங்க வைக்கலாம். சுட்ட செங்கல்லை அப்படிச் செய்வது எளிதல்ல. தூணின் வரிப்பள்ளம், வளைவின் விளிம்பு, முகப்பின் கூர்முனைகள் என ஒவ்வொன்றுக்கும் தனி அச்சு வேண்டும். அவ்வாறு அச்சில் வார்த்த செங்கல், ஓடு வகைகள் 153 என்று சொல்லப்படுகிறது. களிமண் காயும்போதும் சூளையில் வேகும்போதும் சுருங்கும். அந்தச் சுருக்கத்தையும் கணக்கிட்டே அச்சின் அளவை வகுக்க வேண்டும். பிசகினால் வளைவு உச்சியில் ஒன்றுசேராது. செங்கல்லும் சுண்ணாம்புச் சாந்தும் கொண்டு வளைவு எழுப்பும் வேலை மதுரைக்குப் புதிதல்ல: 1636-இல் கட்டப்பட்ட திருமலை நாயக்கர் மகாலே சாட்சி.

இடைக்காட்டூர் ஆலயத்தினுள் நடக்கும்போது ஒரு தூணின் அடியில் நின்று, அதன் வரிகள் மேலேறி விலா வளைவாகப் பிரியும் இடம்வரை பார்வையைச் செலுத்தினால் கட்டுமான முறை தானே விளங்கும். அளவில் ரைம்ஸோடு இதை ஒப்பிட முடியாது. அங்கே கூரையே சுமார் 38 மீட்டர் உயரம். இது ஒரு கிராமத்து மக்களின் வழிபாட்டு இடம். திருப்பலி நேரம் தவிர்த்துச் செல்வோர் நிதானமாகப் பார்க்கலாம். திருஇருதயப் பெருவிழா பெரும்பாலும் ஜூன் மாதத்தில் வரும்.