பழைய காரை வீட்டிலேயே புதுப்பிக்கப் போறீங்களா? முதல்ல ஒரு காந்தத்தை எடுங்க!

ஃப்ரிட்ஜ் கதவில் ஒட்டும் சின்னக் காந்தம் ஒன்றை எடுத்துக்கொண்டு, மூலக்கொத்தளத்தில் எங்கள் வீட்டு வாசலில் நிற்கும் அப்பாவின் மாருதி 800-ஐ ஒரு சுற்று சுற்றினேன். பானெட்டில் டக்கென ஒட்டியது. கூரையிலும் ஓகே. டிரைவர் பக்கக் கதவின் கீழே வைத்ததும் வழுக்கி விழுந்தது. சில வருஷம் முன்னாடி ஒரு பட்டறையில் காசு கொடுத்து டிங்கரிங் செய்த இடம் அது. உள்ளே தகடே இல்லை, வெறும் பட்டி!

யூடியூப் பார்த்துவிட்டு நேராக ஸ்ப்ரே கேன் வாங்கப் போகிறவர்கள் தவறவிடுவது இதைத்தான். பெயின்ட் கடைசி வேலை. உண்மையான சண்டை துருவோடு.

இங்கே மட்டும் ஏன் இவ்வளவு சீக்கிரம்?

இரும்பு, தண்ணீர், ஆக்ஸிஜன் சேர்ந்தால் துரு. இது ஸ்கூல் பாடம். ராயபுரம், காசிமேடு காற்றில் நாலாவதாக உப்பும் சேர்ந்துகொள்கிறது. துருப்பிடிப்பது ஒரு மின்வேதி வினை. உப்பு கரைந்த ஈரம் மின்சாரத்தை நன்றாகக் கடத்தும் என்பதால் அந்த வினை வேகமெடுக்கிறது. போதாததற்கு, உப்பு காற்றிலிருந்து ஈரத்தையும் இழுத்து வைத்துக்கொள்ளும். எண்ணூர், மணலி பக்கப் புகையில் வரும் சல்பர் டை ஆக்சைடும் தன் பங்குக்கு அரிக்கும்.

துரு, தான் தின்ற இரும்பைவிட அதிக இடத்தை அடைக்கும். அதனால்தான் பெயின்ட் கொப்பளிக்கிறது. சின்னக் கொப்புளம்தானே என்று விட்டால், பல நேரம் அது உள்பக்கத்திலிருந்து தகட்டைத் தின்றுகொண்டே வெளியே வந்த துருவாக இருக்கும். அதன் மேல் பட்டி பூசுவது இன்னும் மோசம். பட்டி ஈரத்தை உறிஞ்சும். புண்ணுக்கு மேல் ஈரத்துணி கட்டின மாதிரிதான்.

எல்லா பழைய காரும் ஒன்று இல்லை

சென்னைக்கும் காருக்குமான கதை நம்ம ஏரியாவில்தான் ஒரு பெரிய அத்தியாயம். 1948-ல் தொடங்கிய அசோக் மோட்டார்ஸ், எண்ணூரில் ஆஸ்டின் ஏ40 கார்களைப் பொருத்தித் தந்தது. 1955-ல் அதுவே அசோக் லேலண்ட் ஆகி, லாரி, பஸ் என்று போய்விட்டது. ஊரின் மறுகோடியில், வண்டலூரில் 60-களில் ஸ்டாண்டர்டு ஹெரால்டு தயாரானது. ஹெரால்டுக்குத் தனி சேஸிஸ் உண்டு. பாடியின் பெரிய பாகங்களும் போல்ட் போட்டு இணைத்தவை. கழற்றிச் செய்யலாம், வீட்டில் வேலை செய்கிறவருக்கு வரப்பிரசாதம்.

2014 ஜனவரியில் தயாரிப்பு நின்ற மாருதி 800 அப்படி இல்லை. அதற்குத் தனி சேஸிஸ் கிடையாது, பாடியே எலும்புக்கூடு. கதவுக்குக் கீழே நீளமாக ஓடும் பெட்டி போன்ற பகுதி, தரைத்தகடு, சஸ்பென்ஷன் மாட்டியிருக்கும் இடம், இவை அரித்திருந்தால் அது அழகுப் பிரச்னை அல்ல. மோதினால் உங்களைக் காப்பாற்ற வேண்டிய இரும்பு அங்கே இல்லை என்று அர்த்தம்.

அதனால் முதலில் மிதியடியைத் தூக்குங்கள். ஸ்டெப்னி டயருக்கு அடியில், பேட்டரி தட்டில், சக்கர வளைவுக்குள் டார்ச் அடித்துப் பாருங்கள். சந்தேகமான இடத்தில் ஸ்க்ரூடிரைவரின் பின்பக்கத்தால் தட்டுங்கள். டங் என்றால் தகடு, மொத் என்றால் பட்டி அல்லது துரு. கதவின் அடியில் தண்ணீர் வெளியேறும் சின்ன ஓட்டைகள் மண் அடைத்திருந்தால் குத்தித் திறந்துவிடுங்கள். பத்து பைசா செலவில்லை, ஆனால் கதவு அழுகுவதற்கு அதுதான் பெரிய காரணம்.

வீட்டில் எதுவரை?

மேல்மட்டத் துருவை வீட்டில் தாராளமாகச் சரிசெய்யலாம். கம்பி பிரஷ், 80-ஆம் நம்பர் உப்புத்தாள் கொண்டு பளபளக்கும் இரும்பு தெரியும்வரை தேய்க்க வேண்டும். குழிகளில் மிச்சமிருக்கும் துருவுக்கு பாஸ்பாரிக் அமிலம் கலந்த ரிமூவர். அதைக் கழுவித் துடைத்து, நன்றாகக் காயவைத்து, அன்றே எபாக்ஸி பிரைமர் அடித்துவிடுங்கள். நம்ம ஊர்க் காற்றில் வெறும் தகட்டை ராத்திரி முழுக்க விட்டால், காலையில் மறுபடி ஆரஞ்சு நிறம்தான். பள்ளம் இருந்தால் பிரைமருக்கு மேல் மெல்லிசாகப் பட்டி. பிறகு 180, 320 என்று தாளை மாற்றித் தேய்த்து, மீண்டும் பிரைமர். தேய்க்கும் தூசியில் பழைய பெயின்ட்டின் ஈயமும் இருக்கலாம். மாஸ்க் போடுங்கள், குழந்தைகளைத் தள்ளி வையுங்கள்.

ஓட்டை விழுந்துவிட்டதா? அழுகியதை வெட்டி, புதுத் தகடு வைத்து வெல்டிங்தான் வழி. பெட்ரோல் டேங்க் உள்ள வண்டியில், நெருக்கமான தெருவில், அதை நீங்களே முயற்சி செய்யாதீர்கள். ஹார்டனர் கலந்து அடிக்கும் 2கே பெயின்ட்டும் அப்படித்தான். அதில் உள்ள ஐசோசயனேட் ஆஸ்துமாவை வரவழைக்கும், சாதாரண மாஸ்க் தடுக்காது. காற்றோட்டமுள்ள ஸ்ப்ரே பூத் இருக்கிற பட்டறைக்கு விட்டுவிடுங்கள். அதுவும் மழை மாதங்களில் வேண்டாம்.

எங்கள் வண்டியில் கதவு என் வேலை, அடிப்பகுதி வெல்டிங் பட்டறையில். நடுவில் அப்பாவுக்கு ஓர் ஆசை. "மிலிட்டரி ஜீப் கலர் அடிச்சிடலாமா, கெத்தா இருக்கும்ல?" என்றார். ஆலிவ் பச்சை ராணுவ வண்டிகளுக்கு மட்டுமே என்று மோட்டார் வாகன விதி 121 சொல்கிறது, வேறு நிறம் என்றாலும் ஆர்டிஓ-வில் விண்ணப்பித்து ஆர்சி-யில் மாற்ற வேண்டும் என்றேன். கொஞ்ச நேரம் யோசித்தார்.

"அப்போ வெள்ளையே இருக்கட்டும்ப்பா."